அருகிலுள்ள ஒரு வீடு

எல்லோரும் எழுந்து நின்றாயிற்று. பெஞ்சுகள் பின்னுக்கு நகர்ந்த சத்தம் அடங்கியது. தம்பி இசக்கிராஜாவின் ஓராண்டு நினைவாக இரண்டு நிமிடம் மௌனம் என்று நான்தான் சொன்னேன், சொல்லிவிட்டு வழக்கம்போல இடதுகையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்று ஐந்து, விநாடி முள் பன்னிரண்டைத் தொடும்வரை பொறுத்திருந்து அதன்பிறகே தலையைக் குனிந்தேன். மற்ற சங்கங்களில் இரண்டு நிமிடம் என்பது தலைவருக்கு மூக்கு அரிக்கும் வரைக்கும்தான். முப்பது விநாடியில் ‘நன்றி, அமரலாம்’ என்று முடித்துவிட்டு மாலை மரியாதைக்குப் போய்விடுவார்கள். எங்கள் மக்கள் உரிமைக் குழுவின் மாவட்டக் கிளையில் அது நடக்காது, இரண்டு நிமிடம் என்றால் நூற்றிருபது விநாடி, நான் தலைவராக இருந்த பதினோரு வருஷத்தில் ஒரு விநாடி குறைந்ததில்லை, கூடியதும் இல்லை. செத்தவனுக்கு நாம் கொடுப்பது அது ஒன்றுதான், அதிலுமா பிடித்தம் பண்ண வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்வேன், சொல்லும்போது எனக்கே பெருமையாக இருக்கும். ஒன்பது பேர் நிற்கிறோம். தட்டச்சுப் பள்ளியாக இருந்து மூடிப்போன மாடி அறை, சுவரில் இன்னும் ஆங்கில எழுத்துப் பலகை தொங்குகிறது, கீழே பெயிண்ட் கடை, ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்தாலும் டர்பன்டைன் வாசனை படியேறி வந்துவிடும். மேசைமேல் இசக்கிராஜாவின் படம், செவ்வந்தி மாலை, லோடு வேனின் கதவில் கை வைத்துச் சிரிக்கிறான், இருபத்தாறு வயது. படத்துக்குப் பக்கத்தில் அவன் அம்மா சண்முகவடிவு. எனக்கு நேர் எதிரே, நடவடிக்கைக் குறிப்பேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, செயலாளர் மெஹருன்னிசா. இந்த மௌனம் முடிந்ததும் அவளைத்தான் விசாரிக்கப்போகிறோம். முதல் பொருள் அதுதான். நிகழ்ச்சிநிரலை என் கையால்தான் எழுதினேன்.

பத்து விநாடி போயிருக்கும். தெருவில் இளநீர் வண்டிக்காரரின் மைக் கத்திக்கொண்டு போகிறது. சாட்சியின் பெயர் வெளியானதில் செயலாளர் மீதான குற்றச்சாட்டு குறித்து, என்று எழுதியிருந்தேன், கீழே கோடு வேறு போட்டிருந்தேன், பதினைந்து நாளுக்கு முன்னால், அப்போது எனக்குத் தெரியாது, வியாழக்கிழமைதான் தெரிந்தது, ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை, வியாழனுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் முழுசாக இரண்டு நாள் இருக்கிறது, அந்த இரண்டு நாளும் நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால், முகச்சவரம் செய்தேன், குடையை ரிப்பேருக்குக் கொடுத்தேன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். நேற்று சாயங்காலம் மெஹருன்னிசா போன் பண்ணினாள். வக்கீல்தான், கோர்ட்டில் நின்று எத்தனையோ பேருக்காகப் பேசுகிறவள், தனக்காகப் பேச வரவில்லை. “அண்ணாச்சி, நீங்களும் நம்புதியளா?” என்று மட்டும் கேட்டாள். நான், அருமைநாயகம், ஓய்வுபெற்ற சர்வேயர், எல்லைக்கல்லை நகர்த்தச் சொன்ன மிராசுதாரிடம் முடியாது என்று சொன்னதற்காக மூன்று வருஷத்தில் நாலு ஊர் மாற்றல் வாங்கியவன், “நாளைக்குப் பேசிக்கிடலாம்மா” என்றேன். போனை வைத்த பிறகும் காது சுட்டது. நம்பவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் அடுத்து ‘பின்னே யாரு’ என்று கேட்பாளே. கேட்கமாட்டாள், அவள் கேட்கிறவள் இல்லை, ஆனாலும் அந்தக் கேள்வி அங்கே நிற்கும். பயமாகத்தான் இருந்தது. எழுபத்திரண்டு வயதில் ஒரு பெண்பிள்ளையின் கேள்விக்குப் பயந்து ‘நாளைக்கு’ என்றேன். அந்த நாளை இதுதான்.

விநாடி முள் ஆறைத் தாண்டுகிறது. இசக்கிராஜாவை நினைக்க வேண்டும், மௌனம் அதற்குத்தான், ஆனால் உயிரோடு நான் அவனைப் பார்த்ததே இல்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் படமும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும்தான், முதுகில் காயம் இத்தனை சென்டிமீட்டர், உள்ளங்காலில் இத்தனை. வேன் இடித்த தகராறில் பிடித்துக்கொண்டு போனார்கள், மறுநாள் சாயங்காலம் குளியலறையில் வழுக்கி விழுந்து செத்தான் என்றார்கள். இந்த நாட்டில் ஸ்டேஷன் குளியலறை போல வழுக்குகிற இடம் வேறு எங்கும் இல்லை. நாங்கள் மூன்று பேர் உண்மை அறியும் குழுவாகப் போனோம், நான், மெஹருன்னிசா, துணைத்தலைவர் வீரபத்திரன். அவர் பாங்கில் யூனியன் வேலை பார்த்தவர், குரல் பெரிசு. ஸ்டேஷனில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. பின்பக்கத்துச் சந்தில் வீடு வீடாகக் கேட்டோம், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, கடைசியில்தான் பேச்சியம்மாள். தைக்கிறவள், முப்பது முப்பத்தைந்து வயசு இருக்கும், எங்களை உள்ளே கூப்பிட்டு வாசல் கதவைச் சாத்தினாள். “மத்தியானம் நாலு மணிக்குத் துணி காயப்போட மாடிக்குப் போனேன், அந்தப் பையனைக் குழாயடியில வச்சு மூணு பேரு அடிச்சாவ, கண்ணால பாத்தேன், அதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல” என்றாள். மெஹருன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க பேரு எங்கயும் வராதும்மா, அதுக்கு நான் பொறுப்பு” என்றாள். நான் பொறுப்பு. அந்த வார்த்தைதான் இப்போது அவளைச் சுற்றிக்கொண்டது. அடுப்படியில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்க, ஆம்பிளைகள் இருந்தால் அவள் கூசுகிறாள் என்று நாங்கள் வெளியே வந்தோம், வீரபத்திரன் சந்து முனையில் நின்று பீடி பிடித்தார், நான் சும்மா நிற்கவில்லை. சும்மா நிற்க எனக்குத் தெரியாது.

நான் நடந்தால் ஒரு எட்டு இரண்டரை அடி. இது ஏதோ வாய்க்கு வந்த கணக்கு இல்லை, வேலையில் சேர்ந்த வருஷம் அளவுச் சங்கிலி போட்டு நூறு தடவை சரிபார்த்தது, முழங்கால் வலி வந்தபிறகும் மாறவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உலாத்துகிற மாதிரி, ஸ்டேஷன் பின்சுவரிலிருந்து அவள் வீட்டு வாசல்நடைவரை போனேன். பதினேழு எட்டு, கடைசி எட்டில் அரை அடி மிச்சம். நாற்பத்திரண்டு அடி. சட்டைப்பையில் இருந்த சீட்டில் குறித்துக்கொண்டேன், வடகிழக்கு என்றும் போட்டேன். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. எதற்கு அளந்தாய் என்றால், நிலத்தைப் பார்த்தால் என் கால் அளக்கும், அவ்வளவுதான், கல்யாண மண்டபத்தில் பந்தி நீளத்தைக்கூட அளந்துவிடுவேன், என் மகள் கேலி பண்ணுவாள். இல்லை, அது மட்டும் இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டும், குறைந்தபட்சம் இந்த மௌனத்துக்குள்ளாவது. அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தபோது, மெஹருன்னிசா உள்ளே கேட்டு வாங்கியதைவிட உறுதியான ஒன்று என்னிடம் இருக்கிறது என்று நினைத்தேன். வாயால் சொல்வது மாறும், அடிக்கணக்கு மாறாது என்று நினைத்தேன். அடிக்கணக்கு மாறாதுதான்.

ஒரு நிமிடம் ஆகிவிட்டது, இன்னும் ஒன்று இருக்கிறது. யாருடைய செருப்போ கிறீச்சிடுகிறது. அறிக்கையை எழுதியது மெஹருன்னிசா, நல்ல எழுத்து, ஒரு சொல் அதிகம் இருக்காது. அதில் அவள், ‘காவல் நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு வீட்டிலிருந்து பார்த்தவர் கூறுகிறார்’ என்று எழுதியிருந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து படித்து, சரி என்று கையெழுத்துப் போட்டோம், அதுதான் முடிவான படி. பிழை திருத்த அச்சகத்துக்கு நான் மட்டும் போனேன், அது எப்போதும் என் வேலை, என் கண்ணுக்குத் தப்பி ஒரு ஒற்றெழுத்து போகாது என்று எல்லோருக்கும் நம்பிக்கை. ஈர மையின் வாசனை, ஒரு ஸ்டூல், சிவப்புப் பேனா. பதினோராம் பக்கத்தில் வந்து நின்றேன். அருகிலுள்ள. அருகில் என்றால் எவ்வளவு அருகில்? பத்தடியா, ஒரு பர்லாங்கா? நாளைக்கு அரசுத் தரப்பில் எழுந்து, அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியாதே என்று ஒருவர் கேட்டால் இந்த ‘அருகில்’ வந்து பதில் சொல்லுமா? முப்பத்து மூன்று வருஷம் நான் ‘ஏறத்தாழ’ என்று ஒரு வரைபடத்திலும் எழுதியதில்லை. அந்தச் சீட்டை எடுத்தேன். அருகிலுள்ள ஒரு வீடு என்பதை அடித்துவிட்டு, ‘காவல் நிலையப் பின்சுவரிலிருந்து வடகிழக்கே நாற்பத்திரண்டு அடி தொலைவிலுள்ள மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்’ என்று எழுதினேன். பெயரைப் போடவில்லையே, சாட்சி எண் மூன்று என்றுதானே இருக்கிறது. அந்தச் சந்தில் மாடி வைத்த வீடு அது ஒன்றுதான் என்பது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவனுக்கு உறைக்கவில்லை. மற்றதெல்லாம் ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ். நடந்தவன் நான், பார்த்தவன் நான், தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அச்சாகி வந்ததை எங்களில் ஒருத்தரும் படிக்கவில்லை. உரிமை அமைப்புகளின் லட்சணம் இது, எழுதும்போது கமாவுக்குச் சண்டை போடுவோம், அச்சாகிவிட்டால் வெளியீட்டு விழா, போட்டோ, ஆளுக்குப் பத்துப் பிரதி, பரணில் போட்டுவிடுவோம். எங்கள் அறிக்கைகளை வரி விடாமல் படிக்கிற ஒரே வாசகர்கள் உளவுப் பிரிவுக்காரர்கள்தான் என்று நானே மேடையில் தமாஷ் பண்ணியிருக்கிறேன், கைதட்டு வாங்கியிருக்கிறேன். வெளியீடு நடந்து எட்டாம் நாள் பேச்சியம்மாளின் புருஷன் ஆட்டோவைப் பிடித்தார்கள், மறுநாளும் பிடித்தார்கள், ஒரு மாதத்தில் பதினான்கு கேஸ். மாஜிஸ்ட்ரேட் விசாரணையில் அவள் வந்து, “நான் அன்னைக்கு மாடிக்கே போகல” என்றாள். எங்களைப் பார்க்காமல் சொன்னாள். அப்புறம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள். வழக்கு அங்கேயே படுத்துவிட்டது. பேர் எப்படி வெளியே போனது என்ற கேள்வி வந்தபோது வீரபத்திரன்தான் ஆரம்பித்தார், “பேரும் வீடும் தெரிஞ்சது மூணு பேருக்கு, நானும் அண்ணாச்சியும் சொல்லியிருக்க மாட்டோம், அந்தம்மா கோர்ட்டுல நாலு பேருகிட்ட பேசுதவங்க, வாயில வந்திருக்கும்” என்றார். நான் சொல்லியிருக்க மாட்டேன் என்பதை யாரும் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை, நானும்தான். ‘அவங்க ஆளுக எதையும் மனசுக்குள்ள வச்சுக்கமாட்டாங்க’ என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. தலைவர் நான், அப்படிப் பேசக்கூடாது என்று மேசையைத் தட்டியிருக்க வேண்டும். காது கேட்காதவன் மாதிரி பேனாவைத் திறந்து நிகழ்ச்சிநிரல் எழுதினேன்.

நூற்றிப்பத்து, நூற்றிப்பதினைந்து. சொல்ல வேண்டும், நன்றி, அமரலாம். நூற்றிருபது. விநாடி முள் பன்னிரண்டைத் தொட்டு, தாண்டிவிட்டது. சொல்லவில்லை. நான் சொல்லாமல் யாரும் உட்கார மாட்டார்கள், அது நான் போட்ட பழக்கம்தான். இன்னும் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று. வியாழக்கிழமை ஏன் போனேன்? போகாமலிருந்தால் இன்று நிம்மதியாகப் பெருந்தன்மையோடு ‘செயலாளருக்குச் சந்தேகத்தின் பலனை அளிக்கலாம்’ என்று பேசியிருப்பேன், மெஹருன்னிசா ராஜிநாமா கொடுத்திருப்பாள், வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டிருப்போம். பேச்சியம்மாளிடமே கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனேன், துல்லியமாக இருக்க வேண்டுமல்லவா. அவள் தங்கச்சி வீட்டு நடையில் மிஷின் போட்டிருந்தாள், பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் கால் மிதிப்பதை நிறுத்தினாள். தண்ணீர் கொடுத்தாள், அதுவே எனக்குப் பெரிசு. மெல்லக் கேட்டேன், யாராவது ஒங்க பேரைச் சொன்னாங்களாம்மா, வக்கீலம்மா மூலமா, என்று. “யாரும் சொல்லல சார்” என்றாள். “ஸ்டேஷன்காரவ ஒங்க பொஸ்தகத்தைக் கொண்டுட்டு வந்தாவ. விரிச்சு வச்சு, இது ஒன் வீடுதானேன்னாவ. நான் இல்லைன்னேன். டேப்பு எடுத்துட்டு வந்திருந்தாவ சார். சொவத்துல ஒருத்தன் பிடிச்சான், எங்க நடையில ஒருத்தன் பிடிச்சான். தெருவே நின்னு பாத்துச்சு.”

அப்போது நான் கேட்டேன். அதை நினைக்காமல் இருக்க நாலு நாளாகப் பார்க்கிறேன், குடை, மூக்குக்கண்ணாடி, எதை எடுத்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. அவள் கண் கலங்கி நிற்கிறாள், பள்ளிக்கூடச் சட்டையின் காலர் ஊசிக்குக் கீழே பாதியில் நிற்கிறது, நான் அவளிடம், என் வாயால், “சரியா இருந்துச்சாம்மா?” என்று கேட்டேன். அளவு. நாற்பத்திரண்டு சரியாக வந்ததா என்று. கேட்க நினைக்கவில்லை, கேட்டுவிட்டேன், என் எட்டு பிசகாதே, டேப்பிலும் அப்படித்தான் வந்திருக்கும் என்று ஏதோ ஒன்று உள்ளே தலையை நிமிர்த்தியது. ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. ஆண்டவரே, சந்தோஷமாக இருந்தது. பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள், முதலில் புரியாமல், அப்புறம் புரிந்து. அவளுக்கு அதுவரை யார் எழுதினது என்று தெரியாது. என் காலைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், அந்தச் சந்தில் கை கட்டி உலாத்தியதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். திட்டவில்லை. “சரியாத்தான் இருந்துச்சு” என்றாள். பிறகு உட்கார்ந்து, சட்டையைத் திருப்பிப் போட்டு மிதிக்க ஆரம்பித்தாள். அந்த மிஷின் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் கூடவே வந்தது, பஸ்ஸில் வந்தது, இப்போதும் ஓடுகிறது, இல்லை, இது மின்விசிறி.

மூன்று நிமிடம் தாண்டிவிட்டது. வீரபத்திரன் தொண்டையைச் செருமுகிறார். பின்னால் யாரோ அசைகிறார்கள், யாருடைய போனோ பையில் அதிர்ந்து அடங்குகிறது. கிழவனுக்கு மனசு இளகிவிட்டது, துக்கம் தாளவில்லை என்று நினைக்கிறார்கள் போல. நினைக்கட்டும். சொன்னால் என்ன ஆகும்? தலைவர் பதவி போகும், போகட்டும், அது என்ன கலெக்டர் வேலையா, டீ வாங்கிக் கொடுத்து நோட்டீஸ் ஒட்டுகிற வேலை. குழுவின் பெயர் போகும், இனி எந்தச் சாட்சியும் எங்களை நம்பிக் கதவைத் திறக்காது என்று ஒரு நியாயம் இருக்கிறது, நல்ல நியாயம், நேற்று ராத்திரி முழுக்க அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறேன். அமைப்பின் நலன் கருதி. அமைப்பின் நலன் கருதி ஒரு பெண்ணைப் பலிகொடுப்பதை யாராவது ஸ்டேஷனில் செய்தால் நாம் உண்மை அறியும் குழுவாகக் கிளம்பிப் போவோம். இல்லை, பயம் அதுவெல்லாம் இல்லை. பயம் சண்முகவடிவு. மகனைப் புதைத்த மறுவாரத்திலிருந்து என்னைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும், “அண்ணாச்சி எழுதினா பிசகாது” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அந்த அறிக்கையைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள், படிக்கத் தெரியாது, மகன் பேர் அதில் அச்சில் இருக்கிறது என்பதற்காக. அவள் தலைமாட்டில் இருக்கிறது பதினோராம் பக்கம். உன் பிள்ளையின் வழக்கைக் கவிழ்த்தது போலீஸ் இல்லையம்மா, பாதி நான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? போலீசும்தான். அவர்கள் அடித்தார்கள், மிரட்டினார்கள், அவர்கள் குற்றம் ஒரு குன்றிமணி குறையாது. ஆனால் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று வழி சொன்னது நான்.

நாலாவது நிமிடம். தலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கிறேன். மெஹருன்னிசா அசையாமல் நிற்கிறாள், கண் மூடியிருக்கிறது, கோர்ட்டுக்குப் போகிற நாளைப் போலத் தேய்த்த வெள்ளைத் துப்பட்டா, குறிப்பேட்டின் விளிம்பில் விரல்கள் வெளுத்திருக்கின்றன. அவள் அருகில் என்று எழுதியது தெரியாத்தனத்தால் இல்லை. எனக்கு அது இப்போதுதான் முழுசாகப் புரிகிறது. அளவு தெரியாமல் எழுதவில்லை, அந்தச் சொல்லுக்குள் ஒரு பெண்ணை ஒளித்து வைத்திருந்தாள், நான் கதவைத் திறந்து விட்டேன். பக்கத்தில் சண்முகவடிவு. அவள் காலைப் பார்க்கிறேன். கணுக்கால் வீங்கி இருக்கிறது, அவளுக்கு முட்டியில் நீர், ஐந்து நிமிஷம் நிற்க முடியாது, கோர்ட்டு வராந்தாவில் நானே எத்தனையோ தடவை பெஞ்சு தேடிக் கொடுத்திருக்கிறேன். மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்திருக்கிறாள், இன்னொரு கை மகன் படத்தின் சட்டத்தில் ஊன்றியிருக்கிறது, படம் லேசாக ஆடுகிறது. மேலுதட்டில் வேர்வை. மகனுக்கான மௌனம் என்று வாயைத் திறக்காமல் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். இது மகனுக்கானது இல்லையம்மா. இரண்டு நிமிஷத்திலேயே அவனுக்கானது முடிந்துவிட்டது, அதற்குமேல் ஓடியதெல்லாம் எனக்கானது, என் பயத்தை உன் கால் வலியில் நிற்க வைத்திருக்கிறேன்.

“நன்றி. அமரலாம்” என்றேன்.

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. பெருமூச்சுகள். சண்முகவடிவு நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை. “அண்ணாச்சி, ஒக்காருங்க, மொதல் பொருளுக்குப் போவோம்” என்றார் வீரபத்திரன். “மொதல் பொருளே இதுதான்” என்றேன். “செயலாளர் யார்கிட்டயும் எதையும் சொல்லல. வியாழக்கிழமை நான் பேச்சியம்மாளைப் பார்த்துட்டு வந்தேன். அறிக்கையில பதினோராம் பக்கத்துல அவ வீடு இருக்கு. மெஹருன்னிசா எழுதுன வரியை அடிச்சுட்டு, ஸ்டேஷன் சுவத்துல இருந்து எத்தனை அடின்னு நான் சேர்த்தேன். யாருகிட்டயும் கேக்காம அச்சகத்துல வச்சுச் சேர்த்தேன். அந்த அடியை வச்சுத்தான் டேப்பு போட்டு அவளைக் கண்டுபிடிச்சாங்க. அளந்தது நான், எழுதுனது நான். மூணு நாளா தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன். அந்தத் தப்பு தனி.”

ஒருவர் எழுந்து போய் ஜன்னலோரம் கிடந்த அறிக்கைக் கட்டுக்குள்ளிருந்து ஒரு பிரதியை உருவினார், நூல் அறுபட்டது, பக்கம் புரளும் சத்தம். வீரபத்திரன் மெஹருன்னிசாவைப் பார்க்காமல், மேசையைப் பார்த்து, “நான் அவசரப்பட்டுட்டேன்” என்றார். சண்முகவடிவு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “ஒங்க எழுத்து பிசகாதுன்னு சொன்னேனே அண்ணாச்சி” என்றாள். நான் தலையைக் குனிந்தேன், பிசகவில்லை என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது. முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் பிள்ளை நல்லா இருக்காளா?” என்றாள். “இருக்காம்மா. தைக்கிறா.” “எந்த ஊர்ல இருக்கா?” என்று வீரபத்திரன் கேட்டார், அக்கறையாகத்தான் கேட்டார், நானும் அக்கறையாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், பஸ் ஸ்டாண்டிலிருந்து கிழக்கே மூன்றாவது தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு, நானூறு எட்டு, அத்தனையும் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றது. எண்ணியிருக்கிறேன். வியாழக்கிழமை அந்த மிஷின் சத்தத்தோடு திரும்பி நடந்தபோதும் கால் பாட்டுக்கு எண்ணியிருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன். தெரியாது என்று தலையை ஆட்டினேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மெஹருன்னிசா குறிப்பேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தாள். அவளும் அழுதிருக்க வேண்டும், மூக்கை உறிஞ்சினாள், என்னை மன்னித்ததாகவும் இல்லை, மன்னிக்காததாகவும் இல்லை. செயலாளர் இன்னும் அவள்தானே, நடந்ததை எழுத வேண்டும். தேதி போட்டாள், வந்திருந்தோர் ஒன்பது பேர் என்று போட்டாள், மௌனம் இரண்டு நிமிடம் என்று எழுதப்போனவள் நிறுத்தி, அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுக் கீழே வந்தாள். தலைவர் தாமாக முன்வந்து தெரிவித்ததாவது, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினாள். அந்தக் குறிப்பேட்டை இரண்டு தடவை ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், படித்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார்கள். பேனா நின்றது. “சுவத்துல இருந்து எத்தனை அடி அண்ணாச்சி?” என்று கேட்டாள், குனிந்தபடியே.

“அருகில்னு எழுதும்மா” என்றேன்.